கரும்பைத் தேடி ஒரு நாள் ஊர் சுற்றல்

வா கண்ணு, வா! எதைப் பார்த்தாலும் "ஏன்?", "எப்படி?" என்று கேட்கிற பிள்ளை நீ. உன்னைப் போன்ற பிள்ளையோடு ஊர் சுற்றுவதென்றால் மாமாவுக்குக் கொள்ளை ஆசை. இன்றைக்குக் கொஞ்சம் தூரம் போகப் போகிறோம்.

எங்கே தெரியுமா? பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு.

உலகப் படத்தை எடுத்து விரித்துக்கொள். சீனாவுக்குத் தென்கிழக்கே, பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில் சின்னச் சின்னதாகத் தீவுகள் தெரிகின்றனவா? மொத்தம் 7,641 தீவுகள்! அவற்றில் மிகப் பெரியது லூசோன். அதன் வடமேற்குக் கரையில் விரலை வை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலைத்தொடர், நடுவே ஒடுக்கமான சமவெளி. அதுதான் இலோகோஸ். அங்கே வாழ்பவர்கள் இலோகானோ மக்கள்.

இன்றைய பயணத்தில் உனக்கு ஒரு துப்பறியும் வேலை வைத்திருக்கிறேன். இந்த ஊர்களில் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. சுவரில் இருக்கிறது, ஜாடியில் இருக்கிறது, தட்டில் இருக்கிறது, பழைய ஓவியத்தில்கூட இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் வேறு வேடம் போட்டிருக்கும். அதன் பெயர் கரும்பு. எங்கெங்கே மாட்டுகிறது என்று பார்ப்போமா?

மண்ணுக்குள் இறங்கும் மணிக்கூண்டு

காலை வேளை. லவாக் நகரில் இறங்கியிருக்கிறோம். அதோ, பெரிய மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. பக்கத்துத் தேவாலயத்துக்காக ஸ்பானியர் காலத்தில் கட்டியது. ஸ்பானியர்கள் இந்த நாட்டை 1565 முதல் 1898 வரை ஆண்டார்கள்.

கூண்டின் வாசலைப் பார். ஏதாவது விநோதமாக இருக்கிறதா?

ஆமாம், வாசல் குள்ளமாக இருக்கிறது! பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். குள்ளமான ஆட்களுக்காகக் கட்டியதா? இல்லை. கட்டியபோது வாசல் சரியான உயரத்தில்தான் இருந்தது. கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கிவிட்டது.

ஏன் இறங்கியது? அடியில் இருப்பது மணற்பாங்கான நிலம். கூண்டோ செங்கல்லாலான பெரும் பாரம். அவ்வளவு எடையும் ஒரு சின்னச் சதுரத்தின் மேல் அழுத்துகிறது. எடை அதிகம், அது தாங்கி நிற்கும் இடம் குறைவு என்றால் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் மணல் நெருங்கி இறுகும், விலகும். மேலே நிற்பது கீழே இறங்கும்.

இன்னொன்றையும் கவனி. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டி இல்லை. நடுவே தெரு, கடைகள் எல்லாம் இருக்கின்றன. கூண்டை ஏன் இவ்வளவு தள்ளிக் கட்டினார்கள்? இந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொள். அடுத்த ஊரில் விடை கிடைக்கும்.

காலை அகற்றி நிற்கும் தேவாலயம்

லவாக்கிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் பவாய் என்ற சிற்றூர். இங்கே இருக்கும் புனித அகுஸ்தின் தேவாலயத்தைக் கட்டி முடித்தது 1710இல். 1993இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

முன்னால் நின்று பார்ப்பது இருக்கட்டும். பக்கவாட்டில் வா. அடேயப்பா! சுவரிலிருந்து பிதுங்கிக்கொண்டு பெரிய பெரிய முட்டுச்சுவர்கள். கட்டடத்தைச் சுற்றிலும் பின்பக்கத்திலும் மொத்தம் 24. ஒவ்வொன்றும் சுமார் 1.67 மீட்டர் தடிமன். உன் உயரத்தைவிட அதன் தடிமன் அதிகமாக இருக்கலாம்! அடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போகச் சிறுத்து, படி படியாக ஏறுகின்றன.

எதற்கு இத்தனை முட்டு? இந்த நாடு பசிபிக்கைச் சுற்றியுள்ள "நெருப்பு வளைய"த்தில் இருக்கிறது. பூமியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்பாய். அந்தத் தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசும் இடம் இது. அதனால் அடிக்கடி நிலம் நடுங்கும்.

நிலநடுக்கம் வந்தால் சுவருக்கு என்ன ஆகும்? கல்லும் செங்கல்லும் மேலிருந்து அழுத்தினால் அசராமல் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால்தான் ஆபத்து. உயரமான மெல்லிய சுவர் வளையப் பார்க்கும். வளைய வராததால் வெடிக்கும், சாயும்.

நீ கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டு போயிருக்கிறாயா? ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் என்ன செய்வாய்? உன்னையறியாமல் காலை அகற்றி ஊன்றிக்கொள்வாய். கால்களைச் சேர்த்து வைத்து நின்றவர்கள் அடுத்தவர் மேல் விழுவார்கள். பவாய் தேவாலயம் செய்திருப்பது இதைத்தான். முந்நூறு ஆண்டுகளாகக் காலை அகற்றியே நிற்கிறது. அடி அகலமானால் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே ஆதாரம் பெருகும். கட்டடத்தைச் சாய்ப்பது கடினமாகும்.

புரிந்ததா? சரி, பையில் போட்ட கேள்வியை எடு. இங்கேயும் மணிக்கூண்டு தனியாகத்தான் நிற்கிறது. உயரமான, ஒல்லியான கட்டடம்தானே நடுக்கத்தில் முதலில் சாயும்? அது தேவாலயக் கூரையின் மேல் விழுந்தால் உள்ளே இருப்பவர்கள் கதி? அதனால்தான் தள்ளிக் கட்டினார்கள். சபாஷ், விடையை நீயே சொல்லிவிட்டாய்!

சுவரில் கிடைத்தது முதல் தடயம்

இப்போது சுவரை நெருங்கி, கையை வைத்துப் பார். அடிப்பகுதியில் சொரசொரப்பாகப் பெரிய கற்கள். அவை பவளப் பாறைகள். கடலில் வாழும் குட்டிக் குட்டி உயிரினங்கள் தங்களைச் சுற்றி உருவாக்கிய கூடு. அதற்கு மேலே செங்கல். இவற்றை ஒட்டவைத்தது எது? அந்தக் காலத்தில் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்புக் காரைதான்.

சுண்ணாம்பின் கதை அருமையானது. பவளக்கல்லும் சிப்பியும் கால்சியம் கார்பனேட் என்ற பொருளால் ஆனவை. அதைச் சூளையில் சுமார் 900 டிகிரி வெப்பத்துக்குச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும். எதை இழந்ததோ அதையே திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிவிடும்!

இங்கேதான் நம் ஆள் மாட்டுகிறான். பவாயில் கட்டியவர்கள் காரையில் கரும்புச்சாறும் சேர்த்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மாவிலை வேகவைத்த நீரும் வைக்கோலும்கூடச் சேர்த்தார்களாம்.

சுவருக்கு எதற்கு இனிப்பு? சுண்ணாம்பு வெறும் நீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். சர்க்கரை கலந்த நீரிலோ அதைவிடப் பல மடங்கு கரையும். கரைந்த சுண்ணாம்பு கல்லின் நுண்துளைகளுக்குள் நன்றாக இறங்கிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பழைய கொத்தனார்களும் கருப்பட்டியும் கடுக்காயும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் சேர்த்து அரைத்தார்கள். தாத்தாவிடம் கேட்டுப் பார். ஒருவேளை அவர் நேரில் பார்த்திருப்பார்.

முதல் தடயத்தை எழுதிக்கொண்டாயா? "கரும்பு: சுவருக்குள்."

பாதாக்கில் ஒரு சூடான எம்பனாடா

பசிக்கிறதா? எனக்கும்தான். பவாய்க்குப் பக்கத்திலேயே பாதாக் என்ற ஊர். இந்த ஊரில் எம்பனாடா என்று யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். மொறுமொறுப்பான, ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்ற பலகாரம்.

வா, அடுப்பருகே நின்று பார்ப்போம். அந்த அக்கா அரிசி மாவு உருண்டை ஒன்றை எடுக்கிறார். எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து மெல்லிய வட்டமாகத் தேய்க்கிறார். துருவிய பச்சைப் பப்பாளியும் பாசிப்பயறும் ஒரு கைப்பிடி. அதை வளையமாக ஒதுக்கி நடுவில் குழி செய்கிறார். குழிக்குள் பச்சை முட்டை ஒன்றை உடைத்து ஊற்றுகிறார். லோங்கனிசா என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைக் கொஞ்சம் உதிர்த்துப் போடுகிறார். இலையோடு சேர்த்து மாவை மடிக்கிறார். அரைவட்டமாகிவிட்டது. ஓரத்தை அழுத்தி நறுக்கி, எண்ணெயில் வழுக்கி விடுகிறார். சொய்ங்ங்!

இதில் மூன்று கேள்வி கேட்கிறேன்.

முதல் கேள்வி. அரிசி மாவு ஏன் கிழியவில்லை? கோதுமை மாவில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பிசையப் பிசைய அது வலைபோலப் பின்னி மாவை இழுபடச் செய்யும். அரிசியில் குளூட்டன் இல்லை. அதனால் இவர்கள் மாவைக் கொதிநீரில் கிளறிப் பிறகு பிசைகிறார்கள். சூட்டில் மாவுச்சத்து நீரைக் குடித்து வீங்கிப் பசையாகிறது. அந்தப் பசைதான் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது.

இரண்டாவது கேள்வி. இந்த ஆரஞ்சு நிறம் எங்கிருந்து வந்தது? அச்சுவேத்தே என்ற சிவப்பு விதையிலிருந்து. விதையின் மேல்தோலில் இருக்கும் நிறமி எண்ணெயில் நன்றாகக் கரையும். அந்தச் செடியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். பப்பாளியும் அங்கிருந்து வந்ததுதான். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக்கைக் கடந்து போய்வந்தன. ஸ்பானியர் காலத்தில் அமெரிக்கச் செடிகள் பலவும் இந்தத் தீவுகளுக்கு வந்து வேர்விட்டன. இந்தப் பலகாரத்தை மடிக்கும் கலையே ஸ்பெயினிலிருந்து வந்ததுதான். அங்கே கோதுமை மாவு. இங்கே விளைவது நெல். ஆகவே அரிசி மாவு!

மூன்றாவது கேள்வி. எண்ணெயில் குமிழ் வருகிறதே, எண்ணெய் கொதிக்கிறதா? இல்லை, இல்லை. மாவிலும் பப்பாளியிலும் உள்ள நீர் ஆவியாகி வெளியே ஓடுகிறது. குமிழ் அடங்குகிறது என்றால் மேல்மாவில் நீர் குறைந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் அக்கா அதன் சத்தத்தைக் காதால் கேட்டே திருப்பிப் போடுகிறார்.

ஊதி ஊதிக் கடி. உள்ளே முட்டை சூடாக இருக்கும், ஜாக்கிரதை! ஒரு நிமிடம் பொறு. பக்கத்திலிருக்கும் பாட்டிலை எடு. பழுப்பு நிற நீர். கடித்த இடத்தில் இரண்டு சொட்டு விடு. புளிப்பு சுரீர் என்று ஏறுகிறதா? எண்ணெய்த் திகட்டல் போன இடம் தெரியவில்லை.

அதன் பெயர் சுகாங் இலோகோ. இலோகோஸின் வினிகர். எதிலிருந்து செய்தது என்று ஊகித்துவிட்டாயா? ஆம், கரும்பு! இரண்டாவது தடயம். ஆனால் இனிப்பான கரும்பு எப்படிப் புளித்தது? சாயங்காலத்துக்குள் கண்டுபிடிப்போம்.

பூண்டு மணக்கும் சாலை

தெற்கு நோக்கி வண்டி ஓடுகிறது. சினாயித் என்ற ஊரைத் தாண்டும்போது சாலையோரக் கடைகளில் பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இலோகோஸ் பூண்டு சிறியது, ஆனால் காரம் அதிகம்.

இந்தப் பூண்டும் கரும்பு வினிகரும் உப்பும் சேர்ந்துதான் விகான் நகரத்து லோங்கனிசாவுக்கு ருசி தருகின்றன. ருசி மட்டுமா தருகின்றன? குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சி இந்த வெயிலில் ஒரு நாள் தாங்காது. கிருமிகள் பெருகிவிடும். அதற்கு மூன்று காவலாளிகளை நிறுத்தினார்கள்.

உப்பு, கிருமியின் உடலிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடும். வினிகரின் அமிலம் பல கிருமிகளை வளரவிடாது. பூண்டுப் பல்லை நசுக்கும்போது அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது. அதுவும் கிருமிகளுக்கு ஆகாது. நசுக்காத பூண்டு ஏன் அவ்வளவாக மணப்பதில்லை என்று இப்போது புரிகிறதா? பூண்டின் செல்கள் உடைந்து உள்ளே இருப்பவை கலந்தால்தான் அல்லிசின் பிறக்கும்.

விகானில் மதியச் சாப்பாடு

விகான் வந்துவிட்டது! 1572இல் ஹுவான் தே சல்செதோ என்ற ஸ்பானியத் தளபதி இங்கே நகரம் அமைத்தார். அதற்கு முன்பே சீன வணிகர்கள் படகில் வந்துபோன இடம் இது. மலையிலிருந்து வருபவர்கள் பொன் கொண்டுவருவார்கள். கடலிலிருந்து வருபவர்கள் ஜாடியும் பட்டும் கொண்டுவருவார்கள். ஆற்றின் கழிமுகம் என்பதால் இரண்டு பக்கமும் வர வசதி. 1999இல் யுனெஸ்கோ இந்த நகரையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாட்டில் பினாக்பெட் வந்திருக்கிறது. பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி. எல்லாம் நமக்குத் தெரிந்த காய்கள்தான். ருசி மட்டும் புதிதாக இருக்கிறதே? அதுதான் பகோங். மீனில் உப்பைக் கலந்து மாதக்கணக்கில் ஜாடியில் ஊறவைப்பார்கள். மீனில் உள்ள நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். அவற்றில் ஒன்றான குளூட்டமிக் அமிலம்தான் நாக்கில் அந்த ஆழமான ருசியைத் தருகிறது.

பக்கத்துத் தட்டில் பாக்னெட். பன்றி இறைச்சியை முதலில் வேகவைத்து, பிறகு எண்ணெயில் பொரித்து, ஆறவிட்டு, மறுபடியும் பொரிப்பார்கள். முதல் பொரிப்பில் நீர் குறையும். இரண்டாவதில் மிச்ச நீர் ஆவியாகித் தோலை உப்பச் செய்யும். அதற்கும் தொட்டுக்கொள்ள அதே வினிகர்தான்.

ஓவியத்தில் ஒரு வால் நட்சத்திரம்

சாப்பிட்டாயிற்று. அருங்காட்சியகத்துக்குள் ஒரு நடை போவோம். விகானில் இருக்கும் தேசிய அருங்காட்சியகக் கிளையில் 14 ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. எஸ்தேபான் வில்லானுவேவா என்ற ஓவியர் 1821இல் வரைந்தவை.

என்ன கதை? கரும்புச்சாற்றைக் காய்ச்சிப் புளிக்கவைத்து பாஸி என்ற மதுவை இலோகானோ மக்கள் வீட்டிலேயே செய்துவந்தார்கள். பெரியவர்கள் குடிப்பது. சடங்குகளிலும் அதற்கு இடம் உண்டு. ஸ்பானிய அரசு அதை வீட்டில் செய்யக் கூடாது, அரசுக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டளை போட்டது. தங்கள் வயலில் விளைந்த கரும்புக்குத் தங்களுக்கே உரிமை இல்லையா என்று மக்கள் கொதித்தார்கள். 1807 செப்டம்பரில் கலகம் வெடித்தது. அரசு அதைக் கடுமையாக அடக்கியது.

ஓவியத்தின் வானத்தைப் பார். வாலோடு ஒரு நட்சத்திரம்! ஓவியர் கற்பனையாக வரைந்தாரா? இல்லை. 1807இல் பெரிய வால் நட்சத்திரம் ஒன்று உண்மையாகவே வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. உலகின் பல இடங்களிலிருந்தும் அதைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். வரலாற்று ஓவியம் ஒன்று வானியல் குறிப்பாகவும் இருக்கிறது.

மூன்றாவது தடயம்: "கரும்பு: கலகத்தில்."

ஜாடிக்குள் நடக்கும் மாயம்

இப்போது பூர்னாய் என்ற மண் ஜாடி செய்யும் இடத்துக்குப் போகிறோம். சுற்றுவட்டாரக் களிமண்ணைக் கொட்டி, நுண்மணல் கலந்து வைத்திருக்கிறார்கள். எருமை ஒன்று அதன் மேல் சுற்றிச் சுற்றி நடக்கிறது. எதற்கு? மிதிக்க மிதிக்க மண்ணுக்குள் சிக்கிய காற்று வெளியேறும். காற்றுக் குமிழ் உள்ளே இருந்துவிட்டால் சூளையில் ஜாடி விரிசல் விடலாம்.

வனைபவர் சக்கரத்தைக் காலால் தள்ளிச் சுழற்றுகிறார். கை இரண்டும் மண்ணில். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை. சுவர் மெல்ல மெல்ல எழும்புகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சூளையைப் பார். நீளமான சுரங்கம், சரிவில் ஏறிப் போகிறது. ஏன் சமதரையில் கட்டவில்லை? சூடான காற்று மேலே ஏறும் அல்லவா? அடிமுனையில் தீ மூட்டினால், வெப்பம் தானாகவே ஒவ்வொரு ஜாடியையும் தொட்டுக்கொண்டு மேல்முனைக்குப் போகும். ஊதுகுழல் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். இந்த வித்தையைச் சீனர்கள் கொண்டுவந்தார்கள்.

வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மண்துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். நம் வீட்டு மண்பானையில் நீர் கசிந்து வெளிப்புறம் ஈரமாகும் அல்லவா? பூர்னாய் ஜாடியில் அப்படிக் கசியாது. அமிலமும் அதை அரிக்காது. வினிகரை இரும்புப் பாத்திரத்தில் வைத்தால் துருப்பிடித்துவிடும். இந்த ஜாடியில் எத்தனை மாதம் வைத்தாலும் கவலையில்லை.

சரி, காலையிலிருந்து காத்திருக்கும் கேள்விக்கு வருவோம். இனிப்பு எப்படிப் புளிப்பாகிறது?

கவனமாகக் கேள். இரண்டு படிதான். காய்ச்சிய கரும்புச்சாற்றை ஜாடியில் ஊற்றி, ஈஸ்ட்டும் சமாக் என்ற மரத்தின் பகுதிகளும் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. இது முதல் படி. இங்கே கிடைப்பது பாஸி.

அதைக் காற்றுப்படும்படி விட்டுவைத்தால் வேறொரு கூட்டம் வருகிறது. அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனைக்கொண்டு ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. இது இரண்டாவது படி. கிடைப்பது சுகாங் இலோகோ.

ஒரு முறை நீயே சொல், பார்ப்போம். சர்க்கரை, பிறகு ஆல்கஹால், பிறகு அமிலம். முதல் வேலைக்கு ஈஸ்ட், இரண்டாவது வேலைக்குப் பாக்டீரியா. அருமை! பெரிய வகுப்புப் பாடத்தை இப்போதே படித்துவிட்டாய்.

சிப்பியில் செய்த சன்னல்

வெயில் சாய்கிறது. காயே கிரிசோலோகோ என்ற தெருவுக்கு வந்துவிட்டோம். தரையில் கல் பாவியிருக்கிறது. கார், மோட்டார்சைக்கிள் எதுவும் கிடையாது. கலேசா என்ற குதிரை வண்டி மட்டும் டக்டக்கென்று போகிறது.

இரு பக்கமும் பழைய வணிகர்களின் மாடி வீடுகள். தடித்த செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. கீழ்த்தளத்தில் வண்டியும் சரக்கும் வைத்தார்கள். மேல்தளத்தில் குடியிருந்தார்கள்.

மாடிச் சன்னலைப் பார். கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். கண்ணாடி மாதிரி தெரிகிறது. ஆனால் கண்ணாடி இல்லை. காபிஸ் என்ற தட்டைச் சிப்பியின் ஓடு! ஆழமில்லாத கடலின் சேற்றுத் தரையில் வாழும் சிப்பி அது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே தம்பலகாமம் குடாவிலும் இதே சிப்பி உண்டு. ஒரு காலத்தில் அங்கே அதன் சிறு முத்துகளுக்காக அள்ளினார்கள். இங்கே சன்னலுக்காக எடுத்தார்கள்.

இந்த ஓட்டின் வழியே வெளிச்சம் வரும், உருவம் தெரியாது. ஏன்? ஓடு மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. உள்ளே நுழையும் ஒளிக்கதிர்கள் அந்த அடுக்குகளில் பட்டுப் பல திசைகளில் சிதறிவிடும். சுள்ளென்ற வெயில் மிதமான வெளிச்சமாகிவிடும். அடுக்காக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஓரிடத்தில் விரிசல் விட்டால் அது எளிதில் பரவாது.

பெரிய சன்னலுக்குக் கீழே, தரையோடு ஒட்டிக் கம்பி போட்ட குட்டித் திறப்பு தெரிகிறதா? அதுவும் காரணத்தோடுதான். பெரிய சன்னலை மூடினாலும் இதைத் திறந்துவைக்கலாம். கீழே குளிர்ந்த காற்று நுழையும். சூடான காற்று உயரமான கூரையை நோக்கி ஏறும். மின்விசிறி இல்லாத காலத்து ஏற்பாடு.

இவ்வளவு யோசித்துக் கட்டியும், இந்த நகரம் சேதத்திலிருந்து முழுக்கத் தப்பவில்லை. 2022 ஜூலை 27 அன்று, பக்கத்து மாகாணமான ஆப்ராவில் 7.0 அளவில் நிலநடுக்கம் வந்தது. இங்கே பல பழைய வீடுகளில் சுவர் விரிசல் விட்டது. அருகிலுள்ள பந்தாய் ஊரின் பழைய மணிக்கூண்டிலிருந்து செங்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அந்தக் கூண்டும் தேவாலயத்தைவிட்டுத் தள்ளித்தான் நிற்கிறது. கட்டியவர்கள் அன்று யோசித்தது சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்வாய்.

உன் வீட்டில் ஒரு சோதனை

இன்று பார்த்ததை ஒரு முறை சேர்த்துப் பார். இந்த ஊர்க்காரர்களிடம் இருந்தது என்ன? வயலில் கரும்பு, நிலத்தில் களிமண், கடலில் பவளமும் சிப்பியும். இதே சில பொருள்களால்தான் வீடும் கட்டினார்கள், சாப்பாடும் சமைத்தார்கள். கொத்தனாருக்கும் சமையல்காரருக்கும் ஒரே கரும்பு உதவியது. பழைய கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர் அந்த ஊர்ச் சாப்பாட்டையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மாமா சொல்வது அதனால்தான். ஒன்றில் புரியாதது மற்றொன்றில் புரியும்.

இப்போது உனக்கு வேலை. அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லிவிட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரில் வினிகர் ஊற்று. உடைத்த முட்டை ஓட்டைக் கழுவி அதில் போடு. முட்டை ஓடும் பவளக்கல்லும் காபிஸ் சிப்பியும் ஒரே கால்சியம் கார்பனேட்தான்.

உற்றுப் பார். ஓட்டின் மேல் சிறு சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டு எழும்பும். அமிலம் ஓட்டைக் கரைக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அது. ஓர் இரவு அப்படியே விட்டுவை. காலையில் எடுத்துத் தொட்டுப் பார். ஓட்டுக்கு என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுது.

எழுதிவிட்டாயா? இனி கடைசிக் கேள்வி. காயே கிரிசோலோகோவில் ஒரு பாட்டி தன் வீட்டுக் காபிஸ் சன்னலில் படிந்த கறையைத் துடைக்க நினைக்கிறார். சமையலறையிலிருந்து சுகாங் இலோகோ பாட்டிலையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு வருகிறார். நீ தெருவில் நிற்கிறாய். பாட்டியிடம் என்ன சொல்வாய்? ஏன் அப்படிச் சொல்வாய்?

விடையோடு காரணத்தையும் எழுது, கண்ணு. காரணம் இல்லாத விடைக்கு மாமா பாதி மதிப்பெண்தான் போடுவேன்!